சிவப்பு மூலைப் புத்தகம்

ஃபலீல் நானா பிளேடால் பெட்டியின் நாடாவைக் கிழித்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு வாசனை. புது பிளாஸ்டிக், அச்சு மை, நெடுநாள் கப்பலில் கிடந்த அட்டையின் ஈரம் மூன்றும் கலந்தது. மஸ்கெலியா கடைத்தெருவில் வேறு எந்தக் கடையிலும் அது கிடையாது. பள்ளி விட்டதும் செல்வியும் ரமணியும் நானும் அந்த வாசனைக்காகவே அவர் கடை வாசலில் நின்ற நாட்கள் உண்டு. பஸ் வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும்.

நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ரேடியோ, டோர்ச், சுவர்க் கடிகாரம், டிவி கேம் ஆகியவற்றை விற்பவர். கடையின் பின்பக்கம் இரண்டு சிறிய தொலைக்காட்சிகளில் டிவி கேமைப் பூட்டி, கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று விளையாட விடுவார். சரக்கு சீனாவிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் மலையேறும். உள்ளே இருப்பது நசுங்காமலிருக்க, பெட்டியின் அடியிலும் ஓரங்களிலும் பழைய புத்தகங்களை அடுக்கியிருப்பார்கள்.

அவர் அவற்றை உருவி மூலையில் எறிந்துகொண்டிருந்தார்.

"நானா, அந்தப் புத்தகத்த வீசிறாதீங்க," என்றாள் செல்வி.

"இதையா? ஒரு எழுத்து வெளங்குமா ஒங்களுக்கு? வடை சுத்தத்தான் இது சரி."

"படம் இருக்கே."

"ஊர்ல எல்லாரும் சாமான கேக்குறாங்க. நீங்க மூணு பேரும் குப்பையக் கேக்குறீங்க. எடுத்துட்டுப் போங்க, எனக்குக் கூட்டுற வேலை மிச்சம்."

அப்படித்தான் ஒரு சீன வீடியோ கேம் பத்திரிகை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தது.

கொப்பியில் ஒரு வரலாறு

தொண்ணூறுகளின் பின்பாதி அது. எங்கள் லயத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சி, அதுவும் பெட்டரியில் ஓடியது. டிவி கேம் எந்த வீட்டிலும் கிடையாது. விளையாட்டை விட விளையாட்டைப் பற்றிய புத்தகம் எங்களிடம் அதிகம் இருந்தது. இதை இப்போது என் அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போது அதில் எங்களுக்கு விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

பத்திரிகையின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வோர் இதழின் அட்டையிலும் இடது மேல் மூலையில் ஒரு சிவப்பு முக்கோணம், அதற்குள் இதழின் இலக்கம். எழுத்து புரியாவிட்டாலும் இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதானே. நாங்கள் அதைச் சிவப்பு மூலைப் புத்தகம் என்றோம்.

நான் ஒரு எண்பது பக்கக் கொப்பியில் கட்டங்கள் போட்டேன். இலக்கம், பக்கங்கள், வர்ணப் பக்கங்கள், தாள், கூட வந்த பொருள், குறை. இதழ்கள் வரிசையாக வரவில்லை. ஒரு பெட்டியில் ஐம்பத்திரண்டாம் இதழ் வரும், அடுத்ததில் ஒன்பதாவது வரும். வந்ததை அதனதன் இடத்தில் எழுதிக்கொண்டே போனபோது, ஒரு சொல்லும் வாசிக்காமலே அந்தப் பத்திரிகையின் கதை தெரிய ஆரம்பித்தது.

கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. சில வரிகளைப் பார்த்து எழுதுகிறேன்.

ஆறு: முப்பத்திரண்டு பக்கம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. மை கையில் ஒட்டுகிறது.

பத்தொன்பது: அட்டை மட்டும் வர்ணம். நடுப் பக்கம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கிறது.

முப்பத்தொன்று: அறுபத்து நான்கு பக்கம். வரைபடங்கள் அதிகம்.

நாற்பத்தைந்து: மடித்து வைத்த பெரிய படம் உண்டு. ரமணி வீட்டுச் சுவரில் ஒட்டியாயிற்று.

தைரியமாக வளர்ந்த பத்திரிகை. ஒவ்வொரு பத்து இதழுக்கும் ஏதோ ஒன்றைப் புதிதாகச் செய்து பார்த்தார்கள். பிடிக்காததை விட்டார்கள். நடுப் பக்கம் தலைகீழாகப் போன இதழுக்கு அடுத்ததில், ஓர் ஆள் தலைகீழாக நின்று கும்பிடும் சின்னப் படம் இருந்தது. மன்னிப்புக் கேட்கிறார்கள் என்பதற்கு அகராதி தேவையில்லை.

இன்னொன்று நான்கு முகங்கள். புது விளையாட்டுகளுக்குப் புள்ளி போடும் பக்கத்தில் நான்கு பேரின் கோட்டுப் படங்கள் இருக்கும். கண்ணாடிக்காரர், தொப்பிக்காரர், பூனை முகம் வரைந்துகொண்ட ஒருவர், ஒற்றைச் சடைப் பெண். பத்துக்கு எத்தனை என்று பக்கத்திலே போட்டிருப்பார்கள். மற்ற மூவரும் எட்டு, ஒன்பது என்று அள்ளிக் கொடுக்க, சடைக்காரி நாலு போடுவார். அவர் ஏழு கொடுத்த விளையாட்டு நிச்சயம் நன்றாக இருக்கும். நானா கடையில் அந்த விளையாட்டுகளின் கெசட்டுகளைப் போட்டுப் பார்த்து இதை நாங்கள் உறுதிசெய்திருக்கிறோம்.

ஐம்பத்தெட்டாம் இதழில் அவர் படத்தில் சடை இல்லை. முடி கட்டையாக வெட்டப்பட்டிருந்தது.

"முடிய வெட்டிட்டாடி!" என்று செல்வி கத்தியதில் பஸ்ஸில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் முடி வெட்டிக்கொண்டது போலத்தான் அன்று பேசிக்கொண்டு போனோம்.

ஆளுக்கு இரண்டு நிரை

முப்பத்தொன்றாம் இதழில் ஒரு சுரங்க விளையாட்டின் வரைபடம் பாதி மட்டும் இருந்தது. மீதிப் பாதி வெறும் கட்டங்கள். நடுவில் பெரிய கேள்விக்குறி, கீழே ஒரு பென்சிலின் படம், ஒரு கடித உறையின் படம், பக்கத்தில் முகவரி போல இரண்டு வரி எழுத்தும் ஆறு இலக்கங்களும்.

"மிச்சத்த நம்மள வரைஞ்சு அனுப்பச் சொல்றாங்க," என்றேன்.

"சைனாவுக்கா?"

"சைனாவுக்குத்தான்."

அந்தக் கெசட் நானாவிடம் இருந்தது. ஆனால் சுரங்கத்தில் அறைக்குள் அறை, ஏணிக்குப் பின்னால் ஏணி. கால் மணி நேரத்தில் ஒருவர் நாலைந்து அறைகளுக்கு மேல் தேடிப் பார்க்க முடியாது. நேரம் முடிந்ததும் நானா சுவிட்சை அமர்த்திவிடுவார். மறுபடி முதலிலிருந்து. இரண்டு வாரம் முட்டி மோதினோம்.

வழி சொன்னவள் செல்வி. "மலையில என்ன செய்றாங்க? ஒரு ஆளே முழு மலையையுமா எடுக்குது? ஆளுக்கு ஒரு நிரை பிடிச்சு எடுத்துட்டுப் போகல்ல?"

எங்கள் அம்மாக்கள் மூவரும் கொழுந்து எடுப்பவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போனதும் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். தேயிலைச் செடிகளின் இரண்டு வரிசைக்கு நடுவே ஓர் ஆள். தன் நிரையை முடிக்காமல் அடுத்தவர் நிரையில் கை வைக்கக்கூடாது. விட்டுப்போன கொழுந்து யார் நிரையில் இருக்கிறதோ, ஏச்சு அவருக்கு.

வெற்றுப் பாதியில் ஆறு வரிசை இருந்தது. ஆளுக்கு இரண்டு. அவரவர் நிரைக்கு நேராக ஓடிப்போய், அதை மட்டும் பார்த்து, மூளையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வரைய வேண்டும். வரைவதற்கு, நானா கடையில் ரேடியோ சுற்றி வந்த மெல்லிய வெள்ளைத் தாள். ரமணி சிவப்புப் பேனை, செல்வி பச்சை, நான் நீலம். நிரையின் தலைப்பில் அவரவர் பெயர்.

செல்வியின் இரண்டும் முதலில் முடிந்தன. அவளுக்கு அப்படி ஒரு கண். ஓர் அறையை ஒரு தடவை பார்த்தால் வௌவால் எந்தப் பக்கம் தொங்கியது என்றுகூடச் சொல்வாள். முடித்த கையோடு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அம்மணி இன்னும் பாதி நிரையில நிக்கிறீங்க. கண்டாக்கையா வாறாரு, கெதியா எடுங்க," என்று தோட்ட மேற்பார்வையாளரைச் சொல்லி வம்பு செய்வாள்.

ஏழு வாரத்தில் வரைபடம் முடிந்தது. தாளில் அழித்த இடங்கள், திருத்தங்கள், ரமணி சிந்திய தேத்தண்ணி. ஆனாலும் முழுசாக இருந்தது.

தபாலில் போனவை

அதை நான் புதுத் தாளில் பிரதி எடுத்தேன். அடிமட்டம் வைத்து, ஒரே நீலத்தில், கோடு கோடாக. அழகாக இருந்தது. நிரைத் தலைப்பில் பெயர்களை எழுதப் போனபோது கை நின்றது. அந்தச் சுத்தமான தாளில் செல்வி, ரமணி, சுபா என்று தமிழில் எழுதினால் அழுக்காகத் தெரியும் என்று தோன்றியது. பெயர்களை விட்டுவிட்டேன். அனுப்புபவர் என்ற இடத்தில் மட்டும் என் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதினேன்; பெறுநர் முகவரியை இதழில் இருந்தபடியே பார்த்து வரைந்தேன்.

உறைக்குள் வைத்தவற்றை வழக்கம்போலக் கொப்பியில் எழுதினேன்.

ஒன்று, வரைபடம். இரண்டு, ஆங்கிலக் கடிதம், நாலு வரி. மூன்று, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தூள், சிறு பொட்டலம்.

மூன்றாவது ரமணியின் யோசனை. சீனாக்காரர்களுக்கு நல்ல தேத்தண்ணி கிடைக்காதே என்று அவளுக்கு இரக்கம். எங்களில் யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். மாதிரித் தூள் நிறுக்கும் சின்னத் தராசில் உறையை வைத்துக் காட்டினார். பத்தொன்பது கிராம். இருபதுக்குள் இருந்தால் எங்களிடம் இருந்த தபால்தலைகள் போதும்.

தபாலகத்துக்குச் செல்வியும் நானும் போனோம். வரிசையில் நிற்கும்போது அவள் கேட்டாள்.

"எல்லாருட்டு பேரும் போட்டியாடி?"

"போட்டேன்."

"மூணு பேரும்?"

"போட்டேன்னு சொல்றேன்ல."

உறையை அவளிடம் கொடுத்து ஒட்டச் சொல்லிவிட்டு, விமானத் தபாலுக்கு எங்கே எழுதுவது என்று கேட்க முன்னால் போனேன். திரும்பி வந்தபோது ஒட்டி வைத்திருந்தாள்.

தபாலதிபர் தராசில் வைத்தார். "பர வெடியி, நங்கி," என்றார். நிறை கூடிவிட்டதாம்.

என் கணக்கு பிழையாகாது. வீட்டில் பத்தொன்பது, இங்கே எப்படி இருபத்தைந்து? நான் வாதாடத் தொடங்குமுன் செல்வி உறையை இழுத்து, ஓரத்தைப் பிரித்து, தேயிலைப் பொட்டலத்தை உருவி எடுத்தாள். "இது போதும். விடு." மறுபடி நிறுத்தார். பொட்டலம் போன பின்னும் முள் இருபதைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது. தபாலகத் தராசு சரியில்லை என்று முடிவுசெய்தேன். கொப்பியில் மூன்றாவது வரியை அடித்து, 'தராசு பிழை' என்று குறித்தேன்.

பதில் வரவில்லை.

எங்கள் லயங்களுக்கு வீட்டிலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும்தான் முகவரி. கடிதமெல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். எத்தனையோ பேரின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்த கதை எல்லா லயத்திலும் உண்டு. செல்வி முதலில் தினமும் கேட்டாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை. "பேரு போட்டிருந்தா அனுப்பியிருப்பாங்களே," என்று ஒருநாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் பஸ்ஸின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு அவள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்தாள். நான் உயர்தரம் படிக்க ஹட்டனுக்குப் போனேன். பிறகு கொழும்பு, மின்னணுப் படிப்பு. லீவில் வரும்போது பேசிக்கொள்வோம், சிரிப்போம். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி நானாக எடுத்ததில்லை. எடுத்தால் அந்தக் கேள்வி மறுபடி வரும்.

பனி விலகும் வரை

சில வருடங்கள் கழித்து, கைத்தொலைபேசிக் கோபுரங்கள் மலைக்கு மலை முளைத்த காலத்தில், நான் ஒரு நிறுவனத்தில் கனிஷ்ட தொழில்நுட்ப அலுவலர். பொகவந்தலாவைக்கு மேலே ஓர் உச்சியில் நுண்ணலைத் தட்டை எதிர் மலைக் கோபுரத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். பனி இறங்கி எதிர் மலையே காணாமல் போயிருந்தது. வேனுக்குள் காத்திருந்தோம். என்னோடு இருந்தவர் லின் என்ற சீனப் பொறியியலாளர், என்னை விட நாலைந்து வயது மூத்தவர்.

பேசிக்கொண்டிருக்க விஷயம் தீர்ந்துபோன பிறகு, சின்ன வயதில் உங்கள் நாட்டுப் பத்திரிகை ஒன்று எங்களிடம் வந்தது என்றேன். பெயர் கேட்டார். தெரியாதே. ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு முக்கோணம் வரைந்தேன். பிறகு நான்கு முகங்கள். கண்ணாடி, தொப்பி, பூனை, சடை.

லின் கூவிய கூவலில் சாரதி தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார்.

கொப்பியில் நான் ஊகித்ததை அவர் சொற்களால் நிரப்பினார். ஒரு புத்தகக் கடையின் பின் அறையில் நாலைந்து இளைஞர் தொடங்கியதாம். முதல் இதழ்களை அவர்களே சைக்கிளில் கட்டிக் கடை கடையாகப் போட்டார்களாம். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்ததற்காக லின் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறார். பிறகு அந்த நாட்டில் டிவி கேம் பெட்டி விற்பதற்கே தடை வந்தது. பத்திரிகை நிற்கவில்லை. கணினி விளையாட்டுகளை எழுதியது, இறுவட்டு ஒட்டிக் கொடுத்தது, பக்கங்களைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. கடைசியில் வாசகரெல்லாம் இணையத்துக்குப் போனபோது, நன்றி சொல்லி நிறுத்திக்கொண்டது. என் கொப்பியில் தொண்ணூறாம் இதழுக்குப் பின் தாள் மெலிந்துகொண்டே போவதன் காரணம் அன்றுதான் தெரிந்தது.

முப்பத்தொன்றாம் இதழின் வரைபடத்துக்கு நாங்கள் விடை அனுப்பியதைச் சொன்னேன். எந்த வருடம் என்றார். சொன்னதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் அனுப்பும்போது அந்தப் போட்டி முடிந்து மூன்று வருடம். பெட்டிக்கு அடியில் வந்தவை விற்காமல் திரும்பிய பழைய இதழ்கள் அல்லவா? நாங்கள் அதை யோசிக்கவேயில்லை.

"எதற்கும் என் அண்ணனிடம் கேட்கிறேன்," என்றார். "அவரிடம் எல்லா இதழும் இருக்கின்றன. மனைவி எறியச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்."

அறுபத்தெட்டு

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலில் ஒரு படம் வந்தது. லீவில் வந்திருந்த நான் அதை ஹட்டனில் ஒரு இணையக் கடையில் திறந்தேன். வரி வரியாக மேலிருந்து கீழாக இறங்கியது படம்.

முதலில் சிவப்பு முக்கோணம், அறுபத்தெட்டு. என் கொப்பியில் அறுபத்தேழு இருக்கிறது, அறுபத்தொன்பது இருக்கிறது. அது மட்டும் எங்களுக்கு வரவேயில்லை.

பிறகு வாசகர் பக்கம். முக்கால் பக்கத்துக்கு ஒரு வரைபடம். சிவப்பு, பச்சை, நீலம். ஒரு மூலையில் தேத்தண்ணிக் கறை. ஒவ்வொரு நிரையின் தலைப்பிலும், எங்கள் கையெழுத்தில், தமிழில்: ரமணி, செல்வி, சுபா.

நான் அடிமட்டம் வைத்து எடுத்த பிரதி அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

கீழே சிறு குறிப்பு. பக்கத்தில் கட்டை முடிப் பெண்ணின் கோட்டு முகம். லின் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். போட்டி எப்போதோ முடிந்துவிட்டது என்றும், ஆனாலும் இது மிகத் தொலைவிலிருந்து வந்தது என்றும் எழுதியிருந்தாராம். உறையில் இரண்டு வரைபடங்கள் இருந்தன, சுத்தமானதில் யாரும் இல்லை, இதில் மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால் இதைப் போடுகிறோம் என்றும். தலைப்பில் உள்ளவை பெயர்களாக இருக்க வேண்டும், வாசிக்கத் தெரியாததால் அழிக்கவில்லை என்றும். எல்லா நிரையும் சரி, நீலத்தில் ஒரு கதவு மட்டும் பிழை. மூவருக்கும் மூன்று பிரதிகள் அனுப்பியிருக்கிறோம்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். என் பட்டியலில் அந்தத் தாள் கிடையாது.

மத்தியான நிறுவை

படத்தை அச்செடுத்துக்கொண்டு மஸ்கெலியா பஸ் ஏறினேன். மத்தியானக் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி கூடையை இறக்கி வைத்துவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, கொழும்பு அம்மணி மலைக்கே வந்துட்டாங்க. சப்பாத்து அழுக்காகிருமே."

நான் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "செல்வி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். பேரு போடல்ல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ முன்னால போனப்ப தொறந்து பாத்தேன். ஒரு பேரும் இல்ல. பழைய தாள் என் பள்ளிக்கூட பேக்ல மடிச்சுக் கெடந்துச்சு. சொருகி ஒட்டிட்டேன்." ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டாள். "நெற கூடிருச்சு, அதான் தேத்தூள எடுத்தேன். நீ தராசோட சண்ட போட்டுக்கிட்டு நின்ன."

"இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லல்லையேடி."

"நீ சொல்றியானு பாத்துக்கிட்டு இருந்தேன்."

தாளை நீட்டினேன். இலைக்கறை படிந்த விரலை ஜாக்கெட்டில் துடைத்துவிட்டு வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். பச்சை நிரைகளின் தலைப்பில் இருந்த தன் பெயரைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இது சைனாப் புத்தகம். இது என் நிரை," என்றாள் அவர்களிடம்.

குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். கடைசியில் கதவுக்கு வந்ததும் தயங்கினேன்.

"யாருட்டு நிரையில பிழை?"

"நீலம்."

அவள் சிரித்த சிரிப்பு கீழே ரோட்டு வரை கேட்டிருக்கும். "நான் கங்காணியா இருந்திருந்தா அன்னிக்கே உன்னைய வெரட்டியிருப்பேன்டி!"

பையிலிருந்து கொப்பியை எடுத்து, தபாலில் போனவை என்ற பக்கத்தைத் திறந்தேன். அடித்திருந்த மூன்றாவது வரிக்குக் கீழே நான்கு என்று இலக்கம் போட்டு, பேனையை அவளிடம் கொடுத்தேன். முழங்காலில் கொப்பியை வைத்து அவள் எழுதினாள்: பழைய தாள், மூணு பேரு.

எழுதி முடித்ததும், 'தராசு பிழை' என்ற என் குறிப்பை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தன் நிரைக்குப் போனாள்.